இராயப்பன் மாஸ்டரின் களைப்பு

பினாங்கு கெராமாட் யூனியன் கழகத்தின் கால்பந்து ஆட்டக்காரர்கள் 1913ஆம் ஆண்டிலிருந்து 1931ஆம் ஆண்டு ஜூலை மாதம் வரை களைப்படையவில்லை. அவர்களுக்கு வரவேண்டிய களைப்பு முழுவதும் பயிற்சியாளர் இராயப்பனுக்குப் போய்ச் சேர்ந்தது. ஆட்டம் முடிந்ததும் பதினொரு பேரும் டாட்டோ கெராமாட் சாலை வழியே சிரித்துப் பேசிக்கொண்டு வீட்டுக்கு நடப்பார்கள். இராயப்பனை ரிக்‌ஷாவில் தூக்கி வைத்து அனுப்புவார்கள். ரிக்‌ஷாக்காரருக்கு வீடு தெரியும் என்பதால் இராயப்பன் கண்ணைத் திறக்க வேண்டியதில்லை.

அதற்கு முன்பு அவரே களைக்காத மனிதராக இருந்தார். தபால் நிலையத்தில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருந்த அவருடைய தகப்பனார் 1904ஆம் ஆண்டு அவரைக் கப்பலேற்றி மதராஸ் கல்லூரி ஒன்றுக்கு அனுப்பினார். அங்கே அவர் கிரிக்கெட்டில் முதல் பந்து வீசினார், ஹாக்கி ஆடினார், கால்பந்தில் நடுவில் நின்றார், நூறு கெஜம் ஓடினார், கம்பு ஊன்றித் தாண்டினார். டென்னிஸ் ஆடுகிறவனுக்குக் காய்ச்சல் வந்தால் அதையும் ஆடினார். காலையில் ஓட்டம், மத்தியானம் கிரிக்கெட், சாயங்காலம் ஹாக்கி என்று ஒரே நாளில் ஆடிவிட்டு இரவு உட்கார்ந்து லாஜிக் படித்தார். மூச்சு வாங்கி அவரை யாரும் பார்த்ததில்லை. அதே ஆண்டுகளில் அந்த விடுதிக்குத் தண்ணீர் தூக்கிய நல்லம்மாள் என்ற பெண் படிக்கட்டிலும் கிணற்றடியிலும் குடத்தோடு சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். சோம்பேறி என்று அவளை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். இராயப்பன் ஒருநாள் அவளிடம் தண்ணீர் வாங்கிக் குடித்ததைத் தவிர இருவருக்கும் இடையில் எதுவும் இல்லை. இரண்டையும் சேர்த்துப் பார்க்க அப்போது யாருக்கும் தோன்றவில்லை.

பட்டத்தோடு பினாங்குக்குத் திரும்பியவர் மிஷன் பள்ளி ஒன்றில் கணக்கு ஆசிரியர் ஆனார். கடற்கரையில் பாடாங் என்ற திடலில் எல்லா ஆட்டமும் ஆடினார். 1911ஆம் ஆண்டு பினாங்கு ரோட்டுத் தேவாலயத்தில் ஐரீனை மணந்தார். கோயில் பாடகர் குழுவில் இரண்டாம் குரல் பாடிய பெண் அவள். மறு ஆண்டு ஹாக்கி ஆடும்போது அவருடைய வலது முட்டி பக்கவாட்டில் திரும்பியது. சீன வைத்தியர் கட்டுப்போட்டார், அரசாங்க ஆஸ்பத்திரியில் அவிழ்த்து வேறு கட்டுப்போட்டார்கள். நடக்க முடிந்தது. ஓட முடியவில்லை. கழகத்தின் செயலாளர் ஹென்றி, துறைமுகத்தில் வேலை பார்த்தவர், வீட்டுக்கு வந்து அவரைப் பயிற்சியாளராக இருக்கச் சொன்னார். இராயப்பன் சரி என்றார். ஐரீன் களைக்காத ஒருவரை மணந்தவள். இரண்டே ஆண்டுகளில் அவள் வீட்டில் களைப்பு மட்டுமே உள்ள ஒருவர் இருந்தார்.

ஆட்டத்துக்கு முன் ஆட்டக்காரர்களின் கால்களைப் பயிற்சியாளரே தேய்த்துவிடுவது கழகத்தின் வழக்கம். பாலிக் புலாவிலிருந்து சலேஹா என்ற பெண் ஜாதிக்காய் எண்ணெயைப் புட்டிகளில் கொண்டுவந்து கொடுப்பாள். கணுக்காலில் தொடங்கி முட்டி வரை மேல்நோக்கித் தேய்க்க வேண்டும். முதல் ஆட்டம் பட்டாளத்து அணியோடு நடந்தது. கழகத்துக்காக வலது ஓரத்தில் ஆடியவர் சீனி முகம்மது. பகலில் தகப்பனாரோடு காவடித் தண்டில் சட்டிகளைத் தூக்கி நாசி கண்டார் என்ற குழம்புச் சோறு விற்கிறவர், வாய் ஓயாதவர். ஆட்டம் முடிந்ததும் அவர் வேர்வைகூட இல்லாமல் கோட்டுக்கு வெளியே வந்தார்.

"மாஸ்டர், இன்னொரு ஆட்டம் போடலாமா? மூச்சே வாங்கலலா எனக்கு. அந்த வெள்ளக்காரன பாருங்க, நாக்கு தரையில கெடக்கு."

இராயப்பன் புல்லில் உட்கார்ந்திருந்தார். பதில் சொல்ல நினைத்தார். உதட்டை அசைக்க முடியவில்லை.

ஊரில் மற்றக் கழகங்களும் சலேஹாவிடம் எண்ணெய் வாங்கின. அவர்களுடைய ஆட்டக்காரர்கள் மேல் வாசனை அடித்தது, அவ்வளவுதான். விஷயம் இராயப்பனின் கையில் இருந்தது. அதைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசவில்லை. அந்த ஆண்டுகளில் ஊரில் பேசுவதற்கு ரப்பர் விலை இருந்தது, பிறகு யுத்தம் இருந்தது, பிறகு யுத்தத்துக்குப் பின் வந்த காய்ச்சல் இருந்தது. கழகம் கோப்பைகளை வென்றது. இராயப்பன் வகுப்பில் பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றபடி தூங்கினார். மாணவர்கள் அவர் கை நின்ற இடத்திலிருந்து கணக்கைத் தாங்களே முடிக்கப் பழகினார்கள். யாருடைய களைப்பு எது என்று காலப்போக்கில் அவருக்குப் பிரித்துத் தெரிந்தது. ஓரத்தில் ஓடுகிறவனின் களைப்பு மெல்லியது, கெண்டைக்காலில் இருக்கும். நடுவில் ஆடுகிறவனுடையது நனைந்த கோணி மாதிரி தோளில் கிடக்கும். கோல் காப்பவனின் களைப்பு கழுத்தில் வரும், சும்மா நின்றதில் வந்தது. தூங்கினால் எல்லாம் கரைந்துவிடும். அடியில் கொஞ்சம் வண்டல் தங்கும்.

ஐரீன் அவரிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். ஜூலை மாதத்தில் தீவுக்கு எதிர்க்கரையில் உள்ள புக்கிட் மெர்த்தாஜாமில் அன்னம்மாள் திருவிழா நடக்கும். படகில் அக்கரைக்குப் போய், பிறை நிலையத்தில் ரயிலேறி, சாயங்காலம் மெழுகுவர்த்தி பிடித்துக்கொண்டு மலைப்பாதையில் பவனி போவார்கள். குழந்தை இல்லாதவர்கள் அங்கே வேண்டிக்கொள்வது வழக்கம். அவர் தன்னோடு ஒருமுறை, கண்ணைத் திறந்தபடி, அந்தப் பவனியில் வரவேண்டும் என்றாள். ஜூலை மாதம் கோப்பை ஆட்டங்கள் நடக்கும் மாதம். அடுத்த ஆண்டு கட்டாயம் என்று அவர் சொல்வார். மனதாரத்தான் சொல்வார். திருவிழா அன்று அவரை எழுப்ப முடியாது. ஐரீன் தனியாகப் படகேறுவாள். அவளுடைய தங்கை ரீத்தா, சுங்கை பாக்காப் தோட்டத்துக் கிராணியை மணந்தவள், ரயில் நிலையத்தில் காத்திருப்பாள்.

"எங்க அத்தான்?"

"தூங்குறாரு."

"அவரு போட்டோவ எடுத்துட்டு வந்திருக்கலாம்லக்கா. அதுலயாவது கண்ணு தொறந்திருக்கும்."

ஐரீன் சிரிப்பாள். முதல் சில ஆண்டுகள் குழந்தைக்காக வேண்டிக்கொண்டாள். பிறகு அந்த வேண்டுதலை விட்டுவிட்டாள். போவதை மட்டும் விடவில்லை.

1924ஆம் ஆண்டு, பினாங்கு மலை ரயில் ஓடத் தொடங்கியதற்கு மறு ஆண்டு, இராயப்பன் ஒரு தவறு செய்தார். கெடாவிலிருந்து ஓர் அணி ஆட வந்தது. கெப்பாலா பத்தாஸில் அவர்களுடைய லாரி நின்றுவிட்டது. பாதி தூரம் தள்ளிக்கொண்டு வந்து, படகில் நின்று, பாடாங்குக்கு வந்து சேர்ந்தபோது அவர்களால் பூட்ஸைக் கட்டக் குனிய முடியவில்லை. அவர்களுக்குக் கால் தேய்க்கிறவர் லாரியோடு நின்றுவிட்டார். வந்தவர்கள் விருந்தாளிகள். தன் ஆட்களுக்குத் தேய்த்துவிட்டு அவர்களைச் சும்மா விட இராயப்பனுக்கு மனம் வரவில்லை. அந்தப் பதினொரு பேர் கால்களையும் தேய்த்துவிட்டார். அதனால் இரண்டு அணிகளும் களைக்கவில்லை. கோல் எதுவும் விழவில்லை. மேல்நேரம் கொடுத்தார்கள். அதற்கும் மேல்நேரம் கொடுத்தார்கள். நடுவர் உட்கார்ந்துவிட்டார், வேறு நடுவரைப் போட்டார்கள். மக்ரிப் என்ற அந்தித் தொழுகைக்குப் பாங்கு கேட்டதும் முஸ்லிம் ஆட்டக்காரர்கள் போய்த் தொழுதுவிட்டு வந்து விட்ட இடத்திலிருந்து ஆடினார்கள். கடைசியில் பந்து கிழிந்தது.

"ஹாபிஸ்லா, முடிஞ்சிச்சு, பந்து செத்துப்போச்சு" என்று சீனி முகம்மது அதைத் தூக்கிக் காட்டினார். "நம்ம உசுரோடதான் இருக்கோம். யாராச்சும் வேற பந்து வச்சிருக்கீங்களா?"

யாரிடமும் இல்லை. இராயப்பன் கோட்டோரத்தில் கண்ணைத் திறந்தபடி கிடந்தார். மூடும் அளவுக்கு அவரிடம் தெம்பு இல்லை. ஆகஸ்டில் பரலோக மாதா திருநாளுக்கு முன் படுத்தவர் தீபாவளிக்குப் பின் எழுந்தார். ஐரீன் அவருக்குக் கஞ்சியைக் கரண்டியில் ஊட்டினாள், புரட்டிப் போட்டாள், துணி மாற்றினாள், அவருடைய மாணவர்களின் கணக்குகளைத் திருத்தி அனுப்பினாள். பிழைப்புக்குச் சட்டை தைத்தாள். ஹென்றி ஆரஞ்சுப் பழங்களோடு பார்க்க வந்தார்.

"மிசஸ் இராயப்பன், டீம் முழுக்க ஜெபம் பண்ணுறோம். அடுத்த சீசனுக்குள்ள எந்திரிச்சிருவாரு."

"எந்திரிச்சா நான்தான் மொதல்ல பார்ப்பேன்" என்றாள் ஐரீன். "அவரு எந்திரிச்சு நான் பார்த்து பதினோரு வருஷமாச்சு."

அவர் எழுந்தார். அடுத்த சீசனும் வந்தது. அதற்கடுத்ததும் வந்தது. சீனி முகம்மது ஆட்டத்தை விட்டுச் சூலியா தெருவில் சொந்தக் கடை போட்டார். தொப்பை விழுந்தது. அவருடைய இடத்தில் வேறொருவர் வந்தார், அவருடைய இடத்தில் இன்னொருவர். இராயப்பன் எல்லாருடைய கால்களையும் தேய்த்தார். ஓட முடியாமல் போனவருக்கு அந்தக் களைப்பில் மட்டும்தான் இன்னும் ஓட்டம் மிச்சம் இருந்தது. ரப்பர் விலை விழுந்தது. தோட்டங்களிலிருந்து ஆட்களைக் கப்பல் கப்பலாக இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பினார்கள். 1931ஆம் ஆண்டு தொடக்கத்தில் ஐரீனுக்கு நெஞ்சில் சளி கட்டியது. ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்து இரண்டு பக்க நுரையீரலும் கெட்டிருக்கிறது என்றார்கள். மாடிப்படியில் பாதி ஏறி உட்கார்ந்துகொள்வாள். பிறகு மீதி ஏறுவாள். பிறகு ஏறுவதை விட்டாள். கட்டிலைக் கீழே போட்டார்கள்.

அந்த ஆண்டு திருவிழா நாளும் கோப்பையின் இறுதி ஆட்டமும் ஒரே நாளில் வந்தன. ஐரீன் எதுவும் கேட்கவில்லை. அவள் கேட்காததைத்தான் இராயப்பன் கவனித்தார். ஹென்றி முந்தின நாளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"நாளைக்கு மூணு மணிக்கே வந்துருங்க மாஸ்டர்."

"நான் வரல."

"என்ன வரல? பைனல் மாஸ்டர். ஓரத்துல ஆடுற வாசு புதுசா பூட்ஸ் வாங்கியிருக்கான்."

"நல்லா இருக்கட்டும். நான் அவளக் கூட்டிக்கிட்டு அக்கரைக்குப் போறேன்."

"நடக்கவே முடியாதவங்கள எப்படி…" என்று தொடங்கிய ஹென்றி, மேசைமேல் இருந்த எண்ணெய்ப் புட்டியைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். தொப்பியை எடுத்துக்கொண்டு போனார்.

மறுநாள் காலை இராயப்பன் கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து ஐரீனின் பாதத்தை மடியில் வைத்தார். இருபது ஆண்டுகளில் அந்த எண்ணெயை அவளுக்கு அவர் தேய்த்ததில்லை. யாருக்கும் அது தோன்றவில்லை. அவள் ஆட்டக்காரி இல்லை.

"கூசுதுங்க."

"அசையாத."

"அவனுங்களும் இப்படித்தான் சிரிப்பானுங்களா?"

"சீனி முகம்மது சிரிப்பான்."

கணுக்காலில் தொடங்கி முட்டி வரை தேய்த்தார். இரண்டாவது காலை முடிக்கும் முன் ஐரீன் எழுந்து நின்றாள். சேலையை மாற்றினாள், தலை வாரினாள், கூடையில் இட்லியும் மெழுகுவர்த்திகளும் எடுத்து வைத்தாள். இராயப்பன் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் இருந்தார். கெடா ஆட்டத்தில் இருபத்திரண்டு பேருடையதைத் தாங்கியவர் அவர். இது அதைவிட அதிகமாக இருந்தது. அடுப்புக்கு முன் நின்ற குதிகால் இருந்தது. தையல் மெஷினுக்குக் குனிந்த முதுகு இருந்தது. தூங்கும் ஆளைப் புரட்டிப் போட்ட தோள் இருந்தது. காத்திருந்த கழுத்து இருந்தது. அது கோல் காப்பவனுடையது போலவே இருந்தது, ஆனால் அதில் ஆட்டம் முடியவில்லை.

படகுத்துறைக்கும் ரயிலுக்கும் ஐரீன்தான் அவரைத் தாங்கிக்கொண்டு போனாள். கூடையையும் அவளே தூக்கினாள். ரீத்தா நிலையத்தில் இருவரையும் பார்த்துவிட்டுக் கூடையை வாங்கிக்கொண்டாள். "அத்தான் கண்ணு தொறந்திருக்கு" என்றாள். பவனி தொடங்கியதும் இராயப்பன் மெழுகுவர்த்தி பிடித்துக்கொண்டு ஐரீனுக்குப் பக்கத்தில் நடந்தார். தமிழர்களும் சீனர்களும் அவர்களைத் தாண்டிப் போனார்கள். முதல் திருப்பம் வரை நடந்தார். அங்கே ஒரு பாறை இருந்தது. அதில் உட்கார்ந்தார். நீ போ, நான் முழிச்சிருக்கேன் என்றார். ஐரீன் மலைமேல் ஏறி, சுற்றி, பாடி, மெழுகு கையில் வழிந்து காயக் காய இறங்கி வந்தாள். அவள் பாடிய இரண்டாம் குரல் அவளுக்கு முன்னால் வந்து சேர்ந்தது.

"கண்ண மூடலையே?"

"மூடல."

"நெசமாவா?"

"நீ மேல போனப்ப ஒரு தடவ திரும்பிப் பார்த்த. ரெண்டாவது தடவ காத்துல மெழுகுவர்த்தி அணைஞ்சிச்சு, பக்கத்துல சீனப் பொண்ணுகிட்ட பத்த வச்ச."

ஐரீன் அவருக்குப் பக்கத்தில் பாறையில் உட்கார்ந்தாள். களைப்பினால் இல்லை. இடம் இருந்தது, அதனால் உட்கார்ந்தாள்.

அதே சாயங்காலம் பாடாங்கில் கழகம் ஆறு கோல் வாங்கித் தோற்றது. இடைவேளைக்குப் பிறகு ஆட்டக்காரர்கள் ஒவ்வொருவராகத் தரையில் படுத்தார்கள். கழகத்துக்கு ஆடத் தொடங்கியதிலிருந்து அவர்கள் களைத்ததில்லை. அதனால் அது என்னவென்று அவர்களுக்குத் தெரியவில்லை. நெஞ்சு அடிக்கிறது, கால் நடுங்குகிறது, சாகப்போகிறோம் என்று நினைத்தார்கள். வாசு புதுப் பூட்ஸோடு மல்லாந்து கிடந்து தன் அம்மாவிடம் சொல்லச் சொல்லிச் சில விஷயங்களைச் சொன்னான். நாலு பேரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். டாக்டர் நாடி பார்த்துவிட்டு, இவர்கள் ஓடியிருக்கிறார்கள், வேறொன்றுமில்லை என்றார்.

களைப்பு வேறு, நோய் வேறு. இராயப்பன் களைப்பை மட்டும்தான் வாங்க முடிந்தது. நோய் அதன் வேலையைச் செய்தது. ஐரீன் செப்டம்பர் வரை நடமாடினாள், சமைத்தாள், மாடி ஏறித் துணி காயப்போட்டாள். களைப்பு இல்லாததால் அவளுக்குப் படுக்கத் தோன்றவில்லை. ஒருநாள் காலையில் ரசத்தை இறக்கி வைத்துவிட்டு அடுப்புக்கு முன்னால் நின்றபடியே இறந்தாள். இறந்த பிறகும் நின்றாள். ரீத்தாவும் பக்கத்து வீட்டுப் பெண்கள் இருவரும் வந்து, "போதும்க்கா, படு" என்று பேசிப் பேசித்தான் அவளைப் படுக்கவைக்க முடிந்தது.

அடக்கம் முடிந்து வந்த இராயப்பன் வீட்டு முன்னால் அஞ்சடி என்று சொல்லும் கூரை போட்ட நடைபாதையில் நாற்காலியில் உட்கார்ந்தவர் பிறகு எழவில்லை. தூங்கிப் பார்த்தார். களைப்பு கரையவில்லை. சாப்பிட மறந்தார். பள்ளியில் வேறு ஆள் போட்டார்கள். இவரும் போய்விடுவார் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். சீனி முகம்மது கடையை மூடிவிட்டு ஒரு மத்தியானம் மீன் குழம்போடு வந்தார். புட்டியிலிருந்த எண்ணெயை எடுத்து மாஸ்டரின் காலைத் தேய்க்கத் தொடங்கினார். தேய்க்கத் தெரியாதவர். முட்டியில் தொடங்கிக் கணுக்காலை நோக்கிக் கீழே தேய்த்தார். சற்று நேரத்தில் தரையில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார்.

"யா அல்லா. இது என்னோடதுலா, மாஸ்டர். பட்டாளத்துக்காரனோட ஆடின அன்னிக்கு உள்ளது. அந்த நெட்டையன சுத்திக்கிட்டு ஓடினேனே, அந்த ஓட்டம்."

அவர் ஆள் அனுப்பினார். பதினெட்டு ஆண்டுகளின் ஆட்டக்காரர்கள் வந்தார்கள். குமாஸ்தாக்கள், கடைக்காரர்கள், ஒரு கங்காணி, இரண்டு பேருக்குப் பேரன் இருந்தான். ஒவ்வொருவரும் குனிந்து அதேபோல் கீழ்நோக்கித் தேய்த்து அவரவர் வண்டலை எடுத்துக்கொண்டார்கள். யாருக்கும் மற்றவனுடையது வரவில்லை. எடுத்தவர்கள் அஞ்சடி நெடுகச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார்கள். தெருவில் போனவர்கள் சாவு வீட்டுத் துக்கம் என்று நினைத்தார்கள். ஹென்றி ஒருபோதும் ஆடாதவர். அவருக்கு எடுக்க எதுவும் இல்லை. எல்லாருக்கும் காப்பி கலந்து கொடுத்தார்.

இராயப்பன் எழுந்து நின்றார். முட்டி வலித்தது, அது அவருடைய சொந்த வலி. மற்றது அப்படியே இருந்தது. குதிகாலும் முதுகும் தோளும் கழுத்தும். ரீத்தா கையில் எண்ணெய் ஊற்றிக்கொண்டு அவருக்கு முன்னால் உட்கார்ந்தாள்.

"அக்காவோடத நான் எடுத்துக்கிறேன் அத்தான். எனக்கு வரும். ரெண்டு பேரும் ஒரு வயித்துல பொறந்தவங்க."

இராயப்பன் கால்களை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டார்.

"வேணாம்மா."

"இத வச்சிக்கிட்டு எப்படி நடப்பீங்க?"

"அவ நடந்தாள்ல."

ரீத்தா கையிலிருந்த எண்ணெயைத் தன் முழங்காலில் தடவிக்கொண்டு எழுந்தாள்.

மறு ஆண்டு அவர் கழகத்துக்குத் திரும்பினார். கால் தேய்ப்பதை ஆட்டக்காரர்களே ஒருவருக்கொருவர் செய்துகொண்டார்கள். களைத்தார்கள். பாதி ஆட்டங்களில் தோற்றார்கள். ஹென்றி கணக்குப் பார்த்துக் குறைப்பட்டுவிட்டு விட்டுவிட்டார். இராயப்பன் அதற்குப் பிறகு ஏழு ஆண்டுகள் பயிற்சி கொடுத்தார். கண்ணைத் திறந்துகொண்டு கொடுத்தார். சாயங்காலம் நாலு மணி வாக்கில் இடுப்பில் கை வைத்து, எடையை இடது குதிகாலுக்கு மாற்றி, அடுப்பில் ஏதோ வைத்துவிட்டு வந்தவர் போலச் சற்று நிற்பார். அதுவரை ஆட்டக்காரர்கள் பந்தைக் காலடியில் நிறுத்திக் காத்திருப்பார்கள். புதிதாகச் சேர்ந்தவன் எவனாவது மாஸ்டருக்கு என்ன என்று கேட்டால், அது அவர் மனைவியின் களைப்பு என்று வாசு சொல்வான். கேட்டவன் சரி என்று குனிந்து பூட்ஸைக் கட்டிக்கொள்வான்.